விளாதிமிர் மதுவுக்காகத்தான் மதம் மாறினாரா?

கேள்வி இதுதான்: “இஸ்லாமில் மது கூடாது என்று கேள்விப்பட்டதும் கீவ் மன்னர் விளாதிமிர், ‘குடிதான் ருஸ்களின் சந்தோஷம், அது இல்லாமல் எங்களால் இருக்க முடியாது’ என்று சொல்லி மறுத்துவிட்டு கிறிஸ்தவத்துக்கு மாறினாராம். உண்மையா? கிறிஸ்தவம்தான் என்றால் ரோமின் ஆட்களும் வந்து கேட்டார்களே, ஏன் கான்ஸ்டாண்டினோபிளுக்குப் போனார்?”

அந்த வசனம் இணையத்தில் யாரோ கிளப்பிவிட்டது அல்ல. 1110-களில் கீவில் தொகுக்கப்பட்ட பழைய நாளாகமத்தில் (வருஷ வாரியாக எழுதிய வரலாற்றில்) அது இருக்கிறது. மூலமொழியில் பழமொழி போல எதுகையோடு விழும். ஊர் நாக்கில் ஒட்டிக்கொண்டதற்கு அதுவே பாதிக் காரணம். ஆனால் நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் வருஷம் 986. எழுதியவர்கள் துறவிகள், அதுவும் சுமார் 130 வருஷம் கழித்து. இன்று கையில் இருக்கும் மிகப் பழைய பிரதி 1377-இல் எழுதப்பட்டது.

நாளாகமம் சொல்லும் காட்சி நன்றாகவே இருக்கும். முதலில் வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த பல்கர்கள் வருகிறார்கள். இவர்கள் 922 வாக்கில் இஸ்லாமைத் தழுவியவர்கள். சொர்க்கத்தில் கிடைக்கப்போகும் அழகிகளைப் பற்றி அவர்கள் சொல்லும்போது விளாதிமிர் ஆசையாகக் கேட்கிறார். அவருக்கு மூன்று ஊர்களில் மொத்தம் 800 ஆசைநாயகிகள் இருந்ததாக அதே துறவிகள்தான் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்! சுன்னத்து, பன்றி இறைச்சி கூடாது, மது கூடாது என்றதும் முகம் மாறுகிறது. அடுத்து போப்பாண்டவரின் பெயரால் ஜெர்மானியர்கள் வருகிறார்கள். “எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலேயே இதை ஏற்கவில்லை, திரும்பிப் போங்கள்” என்கிறார். பிறகு கஸார் யூதர்கள், அதாவது யூத மதத்தைத் தழுவிய புல்வெளி நாட்டவர். “உங்கள் கடவுளே உங்களை நாடு நாடாகச் சிதறடித்துவிட்டார் என்றால், எங்களுக்கும் அதே கதி வரவேண்டுமா?” என்று அனுப்பிவிடுகிறார். கடைசியில் வரும் கிரேக்க அறிஞர் உலகம் தோன்றியதிலிருந்து தொடங்கி நீண்ட உரை ஆற்றி, இறுதித் தீர்ப்பு நாளின் ஓவியத்தையும் விரித்துக் காட்டுகிறார். மறு வருஷம் பத்துப் பேர் ஊர் ஊராகப் போய் வழிபாடுகளைப் பார்க்கிறார்கள். கான்ஸ்டாண்டினோபிளின் ஹாகியா சோபியா தேவாலயத்தில் நின்றபோது, “வானத்தில் இருக்கிறோமா பூமியில் இருக்கிறோமா என்றே தெரியவில்லை” என்று திரும்பி வந்து சொல்கிறார்கள்.

எல்லாமே பொய் என்று தள்ளவும் முடியாது. மர்வஸி என்ற மத்திய ஆசிய மருத்துவர் 1120 வாக்கில் எழுதியதில், இஸ்லாமைப் பற்றித் தெரிந்துகொள்ள ருஸ் மன்னர் குவாரஸ்ம் நாட்டுக்கு நான்கு பேரை அனுப்பினார் என்று ஒரு செய்தி வருகிறது. மன்னரின் பட்டப்பெயர் என்று அவர் குறிப்பிடுவது ‘விளாதிமிர்’ போல ஒலிக்கும் சொல். ஆக, விசாரித்தது நடந்திருக்கலாம். அந்தத் தலைமுறையில் சுற்றியிருந்த எல்லா மன்னர்களும் இதே வேலையில்தான் இருந்தார்கள். டென்மார்க்கின் ஹரால்ட் 965 வாக்கில், போலந்தின் மியெஸ்கோ 966-இல் ஞானஸ்நானம் வாங்கியாகிவிட்டது. ஹங்கேரி, நார்வே எல்லாம் வரிசையில் நின்றன. ஆனால் விளாதிமிர் கதையில் வருவது பெண் பார்க்கும் படலம் மட்டும்தான். நிச்சயம் வேறு இடத்தில், வேறு காரணத்துக்காக முடிந்திருந்தது. இதை உவமையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒரு கல்யாணம் நடந்தது. அங்கே போகும் முன் ஆற்றைப் பார்த்துவிட வேண்டும். ஆறு இல்லாமல் இந்தக் கதை புரியாது.

முதலில் யார் இந்த ருஸ்கள்? 839-இல், கான்ஸ்டாண்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசின் தூதர்களோடு ஜெர்மனியின் இங்கெல்ஹைம் அரண்மனைக்குச் சிலர் வந்து, ‘நாங்கள் ரோஸ்’ என்றார்கள். பேரரசர் லூயி விசாரித்ததில் அவர்கள் ஸ்வீடன்காரர்கள் என்று தெரிந்தது. இன்றும் பின்லாந்துக்காரர்கள் ஸ்வீடனை ‘ருவோத்ஸி’ என்றுதான் சொல்கிறார்கள். படகேறி வந்த ஒரு வடநாட்டுக் கூட்டம், அங்கே காடு திருத்தி வாழ்ந்துகொண்டிருந்த ஸ்லாவ் குடிகளிடம் திறை வாங்கத் தொடங்கி, இரண்டு மூன்று தலைமுறையில் அவர்கள் மொழியையே பேசுகிறவர்களாகிவிட்டது. பெயர்களைப் பார்த்தாலே தெரியும்: இகோர், ஒலெக், ஓல்கா எல்லாம் ஸ்காண்டிநேவியப் பெயர்கள். இகோரின் மகன் ஸ்வியாதோஸ்லாவ், அவர் மகன் விளாதிமிர், இவை அசல் ஸ்லாவியப் பெயர்கள். இதைச் சொன்னதற்காக 1749-இல் பீட்டர்ஸ்பர்க் அகாதமியில் முல்லர் என்ற வரலாற்றாசிரியரோடு ரஷ்ய அறிஞர் லொமொனோசொவ் மல்லுக்கு நின்றார். அந்தச் சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. ‘கீவ ருஸ்’ என்ற பெயரே 19-ஆம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளர்கள் வைத்தது. அந்தக் காலத்தவர் வெறுமனே ‘ருஸ் நிலம்’ என்றார்கள். இன்று உக்ரைனும் ரஷ்யாவும் பெலாரஸும் அதைத் தங்கள் தொடக்கமாகச் சொல்கின்றன. தலைநகரம் இருப்பது கீவில் என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

‘பைசாந்தியம்’ என்ற பெயரும் இதே ரகம்தான். அந்தப் பேரரசின் மக்கள் தங்களை ரோமர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அவர்களுடைய நாடு விழுந்து நூறு வருஷம் ஆனபிறகு, 1557-இல் ஒரு ஜெர்மன் அறிஞர் பதிப்பித்த நூலிலிருந்துதான் அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. ஸ்லாவியர்களுக்கு கான்ஸ்டாண்டினோபிள் ‘த்சார்கிராத்’, மன்னர்களின் நகரம். வடநாட்டுக்காரர்களுக்கு ‘மிக்லகார்த்’, பெரிய ஊர்.

அந்தப் பெரிய ஊரின் முன்னால் ருஸ்கள் முதலில் வந்து நின்றது கொள்ளையடிக்க. 860 ஜூன் 18 அன்று சுமார் 200 படகுகள் திடீரென்று வந்து புறநகரைச் சூறையாடின. பேரரசர் படையோடு கிழக்கே போயிருந்தார். மதத்தலைவர் ஃபோட்டியஸ் அன்று ஆற்றிய பிரசங்கங்கள் இன்றும் இருக்கின்றன. பேர் தெரியாத ஒரு கூட்டம் ஒரே நாளில் பேர் வாங்கிவிட்டது என்று புலம்புகிறார். ஏழு வருஷத்தில் அதே ஃபோட்டியஸ், ருஸ்கள் ஒரு பிஷப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று பெருமையாகக் கடிதம் எழுதுகிறார். அந்த முதல் விதை என்ன ஆனதென்றே தடயமில்லை. முக்கியமான விஷயம், விளாதிமிருக்கு 120 வருஷம் முன்பே இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தன.

இப்போது ஆறு. 950 வாக்கில் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்காக ஒரு ரகசிய ஆட்சிக் கையேடு எழுதினார். அதில் ருஸ்களின் பயணத்தை நேரில் பார்த்தவன் சொல்வதுபோல் விவரித்திருக்கிறார். எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

நவம்பரில் ருஸ் தலைவர்கள் தங்கள் ஆட்களோடு கீவை விட்டுக் கிளம்பி, ஸ்லாவியக் குடிகளிடையே சுற்றி, குளிர்காலம் முழுக்க அவர்கள் சோற்றையே தின்றுகொண்டு திறை வசூலிப்பார்கள். அதே குளிர்காலத்தில் ஸ்லாவியர்கள் மலைக்காடுகளில் மரம் வெட்டி, ஒற்றை மரத்தில் வள்ளம் குடைவார்கள். பனி உருகியதும் அந்த வெறும் வள்ளங்களை ஏரி வழியாக ஆற்றில் இறக்கிக் கீவுக்குக் கொண்டுவந்து விற்பார்கள். ருஸ்கள் போன வருஷத்துப் பழைய வள்ளங்களை உடைத்து, அதிலிருந்த துடுப்புகளையும் துடுப்பு மாட்டும் கட்டைகளையும் கழற்றிப் புதியதில் பொருத்திக்கொள்வார்கள். ஜூன் மாதம், நோவ்கரோத், ஸ்மொலென்ஸ்க், செர்னிகோவ் என்று பல ஊர் வள்ளங்களும் கூட்டமாகச் சேர்ந்து தினேப்பர் ஆற்றில் கிளம்பும். சரக்கு: ஃபர் தோல், மெழுகு, தேன், அப்புறம் அடிமைகள்.

கீவுக்குத் தெற்கே ஆற்றுக்குக் குறுக்கே கருங்கல் பாறைகள் ஏழு இடத்தில் மறிக்கும். பேரரசர் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதுகிறார். பெரும்பாலானவற்றுக்கு ‘ருஸ் மொழியில்’ ஒரு பெயர், ‘ஸ்லாவ் மொழியில்’ ஒரு பெயர். முதல் பாறைத்தொடரின் பெயருக்கு ‘தூங்காதே’ என்று பொருள். அங்கே நடுவில் தீவு மாதிரிப் பாறைகள் நிற்கும், தண்ணீர் மோதி இரைச்சல் போடும். ஆட்கள் துணியைக் கழற்றிவிட்டு இறங்கி, வெறுங்காலால் அடியில் கல் தடவித் தடவி, முன்னால் சிலர், நடுவில் சிலர், பின்னால் சிலர் கம்பு ஊன்றிக் கரையோரமாகவே வள்ளத்தை நகர்த்துவார்கள். நான்காவதுதான் பெரியது. ருஸ்கள் அதை ‘அய்ஃபோர்’ என்றார்கள். அங்கே வள்ளத்தை ஓட்டவே முடியாது. எல்லாம் கரையேற வேண்டும். சிலர் பெச்சனேகர் என்ற புல்வெளி நாடோடிகள் கொள்ளையடிக்க வருகிறார்களா என்று காவல் நிற்க, மற்றவர்கள் சரக்கை எடுத்துக்கொண்டு, சங்கிலியில் கட்டிய அடிமைகளை ஆறு மைல் தூரம் நடத்திக்கொண்டு போவார்கள். வள்ளத்தைப் பாதி தூரம் இழுத்து, பாதி தூரம் தோளில் சுமந்து கொண்டுபோய் மறுபடி இறக்குவார்கள்.

பேரரசர் அரண்மனையில் உட்கார்ந்து கேள்விப்பட்டதை எழுதினார் என்று தள்ளிவிட முடியாது. பால்டிக் கடலில் இருக்கும் கோத்லாந்து தீவில் ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது, பத்தாம் நூற்றாண்டுடையது. ஹ்ரஃப்ன் என்பவன் நினைவாக உடன்பிறந்தவர்கள் நட்ட கல். அதில் வடநாட்டு எழுத்தில் அவர்கள் ‘அய்ஃபோர் வரை போனார்கள்’ என்று பொறித்திருக்கிறது. கான்ஸ்டாண்டினோபிள் அரண்மனையில் மசியால் எழுதிய அதே பெயர், ஐரோப்பாவின் மறுகோடியில் கல்லில். நம் ஊர் நடுகற்களில் ஆநிரை மீட்டு விழுந்தவன் பேரைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்தக் கல்லின் தொனி புதிதாக இருக்காது.

பாறைகளைத் தாண்டியதும் கோர்த்திட்ஸியா தீவு. அங்கே பிரம்மாண்டமான ஒரு ஓக் மரம். மரத்தைச் சுற்றி அம்புகளை நட்டு, ரொட்டியும் இறைச்சியும் படைத்து, சேவலைப் பலி கொடுப்பதா, சமைத்துத் தின்பதா, உயிரோடு விட்டுவிடுவதா என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பார்களாம். உயிர் தப்பி வந்தவன் செய்யும் நேர்த்திக்கடன். அதற்குப் பிறகும் பெச்சனேகர்கள் கடற்கரையோரமாகக் குதிரையில் தொடர்ந்து வருவார்கள், எந்தப் படகாவது கரை ஒதுங்காதா என்று. அந்தப் பாறைகளை இன்று பார்க்க முடியாது; 1930-களின் தொடக்கத்தில் கட்டிமுடித்த நீர்மின் அணை அவற்றை மூழ்கடித்துவிட்டது.

இவ்வளவு பாடுபட்டு ஊர் போய்ச் சேர்ந்தவனுக்கு அங்கே என்ன மரியாதை? ஒப்பந்தங்களைப் படித்தால் சிரிப்பும் வரும், மதிப்பும் வரும். 907, 911, 944 என்ற தேதிகளில் ஒப்பந்த வாசகங்களை நாளாகமம் தருகிறது. ருஸ் வியாபாரிகளுக்கு ஆறு மாதம் படி அளக்கப்படும்: ரொட்டி, திராட்சை மது, இறைச்சி, மீன், பழம். குளியல் எத்தனை முறை வேண்டுமானாலும். ஊர் திரும்பும்போது வழிக்குச் சாப்பாடு, நங்கூரம், கயிறு, பாய்மரத்துணி. பதிலுக்கு: புனித மாமாஸ் என்ற புறநகரில்தான் தங்க வேண்டும், முதலில் பெயர்களை எழுதிக்கொள்வார்கள், ஒரே வாசல் வழியாக, ஆயுதம் இல்லாமல், அரசு ஊழியர் ஒருவர் கூட வர, ஒரு தடவைக்கு 50 பேருக்கு மேல் நகருக்குள் நுழையக் கூடாது. 944-இல் பட்டுக்கும் கட்டுப்பாடு வந்தது: 50 பொற்காசுக்கு மேல் விலையுள்ள பட்டு வாங்கக் கூடாது, வாங்கியதற்கு அதிகாரியின் முத்திரை வேண்டும். வம்பு பண்ணாமல் வா, வயிறாரச் சாப்பிடு, நன்றாகக் குளி, போய்விடு. பைசாந்திய ராஜதந்திரம் என்று பெரிய பெரிய புத்தகங்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

944 ஒப்பந்தத்தில் இன்னொரு சின்ன விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கீவில் அதற்குச் சத்தியம் செய்யும்போது, இகோரும் பழைய மதத்து ஆட்களும் இடிக் கடவுள் பெருனின் சிலை நின்ற மேட்டில் ஆயுதங்களைக் கீழே வைத்துச் சத்தியம் செய்தார்கள். கிறிஸ்தவ ருஸ்கள் அதே ஊரின் எலியா தேவாலயத்தில் செய்தார்கள். ஆக, விளாதிமிர் ‘மதத்தைக் கொண்டுவருவதற்கு’ 40 வருஷத்துக்கு மேல் முன்பே கீவில் கோயில் இருந்தது, கும்பிடுகிறவர்களும் இருந்தார்கள்.

விளாதிமிரின் பாட்டி ஓல்காவே கிறிஸ்தவர். இகோரை த்ரெவ்லியர் என்ற ஸ்லாவியக் குடி கொன்றபிறகு (திறை வாங்கிவிட்டு, போதாதென்று திரும்பி வந்து மறுபடி கேட்டவர் அவர்) ஓல்கா பழி தீர்த்த கதை தனிக்கதை. தூது வந்தவர்களைப் படகோடு உயிருடன் புதைத்தது, அடுத்து வந்தவர்களைக் குளியல் அறையில் பூட்டி எரித்தது என்று போகும். அந்த அம்மாள் பிறகு கான்ஸ்டாண்டினோபிள் போனார். அரண்மனைச் சடங்குக் குறிப்பில் அவரை வரவேற்ற விவரம் இருக்கிறது. செப்டம்பர் 9 புதன்கிழமை ஒன்று, அக்டோபர் 18 ஞாயிற்றுக்கிழமை ஒன்று. வருஷம்தான் 946-ஆ 957-ஆ என்று ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். விருந்து முடிந்து பழம் இனிப்பு வரும் நேரத்தில், ரத்தினம் பதித்த பொற்கிண்ணத்தில் வைத்து 500 வெள்ளிக்காசு கொடுத்தார்கள். அவருடைய பரிவாரத்தில் கிரிகோரி என்ற பாதிரியாரும் இருந்தார், அவருக்கு எட்டுக் காசு.

அங்கே காக்க வைத்தது ஓல்காவுக்கு உறுத்தியிருக்கிறது. பின்னர் பேரரசர் ஆள் அனுப்பி, “தருவதாகச் சொன்ன அடிமைகள், மெழுகு, தோல், படைவீரர்கள் எங்கே?” என்று கேட்டபோது, “நான் உங்கள் துறைமுகத்தில் காத்துக் கிடந்த மாதிரி நீங்கள் என் பொச்சாய்னா ஆற்றில் வந்து காத்துக் கிடங்கள், தருகிறேன்” என்று சொல்லி அனுப்பினாராம். 959-இல் அவர் ஜெர்மன் அரசர் ஒட்டோவிடமும் பிஷப் கேட்டு ஆள் அனுப்பினார். வந்த அடால்பெர்ட் ஒரு வருஷத்தில் வெறுங்கையோடு திரும்பினார். விளாதிமிர் ஜெர்மானியரிடம் ‘எங்கள் முன்னோர் ஏற்கவில்லை’ என்று சொன்னதாக வருவதன் பின்னால் இருப்பது இந்த நினைவாகத்தான் இருக்கும். ரோமின் வாசல் திறந்தேதான் இருந்தது. கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் 987-இல் இருக்கிறது.

அந்த வருஷம் பேரரசர் இரண்டாம் பாசில் கழுத்தளவு சிக்கலில் இருந்தார். முந்தைய வருஷம் பல்கேரியரிடம் படுதோல்வி. இப்போது பர்தாஸ் ஃபோகாஸ் என்ற தளபதி தன்னையே பேரரசன் என்று அறிவித்துக்கொண்டு, ஆசியப் பகுதி முழுவதையும் பிடித்து, தலைநகருக்கு எதிர்க்கரை வரை வந்துவிட்டார். பாசிலிடம் நம்பிக்கையான படை இல்லை. யாரிடம் போவது? அந்தியோக்கியாவில் வாழ்ந்த யஹ்யா என்ற அரபுக் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் பூசிமெழுகாமல் எழுதுகிறார்: நிலைமை அவரை எதிரிகளான ருஸ்களிடமே உதவி கேட்க வைத்தது. அவர்கள் சம்மதித்தார்கள். திருமண உறவு பேசப்பட்டது. ருஸ் மன்னன் பாசிலின் தங்கையை மணப்பான், அவனும் அவன் நாட்டவரும் ஞானஸ்நானம் பெறுவார்கள்.

அந்தத் தங்கை அன்னா. 963-இல், ஆட்சியில் இருந்த பேரரசருக்கு அரண்மனையின் ஊதாக்கல் அறையில் பிறந்த இளவரசி. அப்படிப் பிறந்த பெண்ணை வெளிநாட்டானுக்குக் கொடுப்பதில்லை என்பதில் அவர்கள் பிடிவாதமானவர்கள். மேலே சொன்ன கையேட்டில், வடநாட்டுக் கூட்டம் எவனாவது சம்பந்தம் பேச வந்தால் எப்படி மூக்குடைத்து அனுப்ப வேண்டும் என்று அன்னாவின் தாத்தா ஏழாம் கான்ஸ்டன்டைன் தனியாகவே எழுதி வைத்திருந்தார். 968-இல் ஒட்டோ தன் மகனுக்கு இப்படி ஒரு பெண் கேட்டு ஆள் அனுப்பி அவமானப்பட்டார். பிறகு அந்த மகனுக்கு மணமகளாக அனுப்பி வைத்த தியோஃபனோவும் ஊதா அறையில் பிறந்தவர் அல்ல. ஒட்டோவுக்குக் கிடைக்காதது, நேற்றுவரை சிலைக்கு நரபலி கொடுத்த விளாதிமிருக்குக் கிடைத்தது. விலை: 6,000 வீரர்கள் என்று ஆர்மேனிய வரலாற்றாசிரியர் ஒருவர் கணக்குத் தருகிறார். அவர்கள் வந்து ஃபோகாஸின் படையை எதிர்க்கரையில் அடித்து நொறுக்கினார்கள். 989 ஏப்ரல் 13 அன்று அபிதோஸ் போர்க்களத்தில் ஃபோகாஸ் குதிரையிலிருந்து விழுந்து செத்தார். அந்த 6,000 பேரின் வழியில் வந்ததுதான் பேரரசரின் புகழ்பெற்ற வராங்கியர் காவல்படை, வடநாட்டு வீரர்களின் படை. ஹாகியா சோபியாவின் மாடத்தில் பளிங்குக் கைப்பிடியில் வடநாட்டு எழுத்தில் ‘ஹால்ஃப்தான்’ என்று கிறுக்கியிருப்பது அப்படி ஒரு காவலாளியாக இருக்க வேண்டும். நீண்ட பூசையில் போரடித்திருக்கும்.

இதே சமயத்தில் விளாதிமிர் கிரிமியாவில் பைசாந்தியத்துக்குச் சொந்தமான கெர்சோன் நகரைப் பிடித்தார். பாசில் வாக்குத் தவறியதால் நெருக்குதல் கொடுக்கப் பிடித்தார் என்பது ஒரு கட்சி, அந்த நகரம் ஃபோகாஸ் பக்கம் சாய்ந்ததால் பாசிலுக்காகவே பிடித்தார் என்பது இன்னொரு கட்சி. அன்னா அழுதுகொண்டே கப்பல் ஏறினார் என்கிறது நாளாகமம்: “சிறைக்குப் போவது போலப் போகிறேன், இங்கேயே செத்தால் நன்றாயிருக்கும்.” அவருக்கு அப்போது 25 வயது. 1011-இல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. மதுவைப் பற்றிய ஒரு வரியை உலகமே மேற்கோள் காட்டுகிறது. இந்த வரியை யாரும் காட்டுவதில்லை.

அப்புறம் கீவில் நடந்தது வேகமாக நடந்தது. வெள்ளித் தலையும் தங்க மீசையும் வைத்து விளாதிமிரே நிறுவிய பெருன் சிலையைக் குதிரை வாலில் கட்டி மேட்டிலிருந்து இழுத்து வந்தார்கள். பன்னிரண்டு பேர் கம்பால் அடித்துக்கொண்டே வந்தார்கள். ஜனங்கள் அழுதார்கள். சிலையை ஆற்றில் தள்ளி, கரை ஒதுங்கினால் தள்ளிவிடுங்கள், பாறைகளைத் தாண்டும்வரை விடாதீர்கள் என்று உத்தரவு. வியாபாரிகள் வள்ளம் சுமந்த அதே வழியில் சாமியும் போயிற்று. மறுநாள், ஆற்றுக்கு வராதவன் என் எதிரி என்று அறிவிப்பு. கழுத்தளவு தண்ணீரில் சிலர், மார்பளவில் சிலர், பிள்ளைகள் கரையோரமாக நிற்க, பாதிரியார்கள் ஜெபித்தார்கள். பிறகு நல்ல குடும்பத்துப் பிள்ளைகளைப் பிடித்துப் படிக்கப் போட்டார்கள். தாய்மார்கள் ‘செத்தவர்களுக்கு அழுவதுபோல’ அழுதார்கள் என்று எழுதியிருக்கிறது.

பிள்ளைகள் படித்தது எந்த மொழியில் என்பதுதான் ரோமுக்கும் கான்ஸ்டாண்டினோபிளுக்கும் இடையே நடைமுறையில் இருந்த பெரிய வித்தியாசம். ரோமோடு போயிருந்தால் லத்தீன் கற்க வேண்டும். போலந்தில் அதுதான் நடந்தது. கிழக்கில் வேறு கதை. 863-இல் தெசலோனிக்கியைச் சேர்ந்த சகோதரர்கள் சிரிலும் மெத்தோடியஸும் மொராவியாவுக்கு (இன்றைய செக் நாட்டுப் பக்கம்) போகும்போதே ஸ்லாவியப் பேச்சுக்கு ஓர் எழுத்து முறையை உருவாக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஜெர்மன் பாதிரியார்கள் அவர்களுடைய சீடர்களை விரட்டிவிட, 886 வாக்கில் அந்தச் சீடர்கள் பல்கேரியாவில் அடைக்கலம் புகுந்தார்கள். பல்கேரியாவில்தான், கிரேக்க எழுத்துகளை அப்படியே எடுத்து, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்குச் சில எழுத்துகளைச் சேர்த்து, இன்று சிரிலிக் என்று சொல்லும் எழுத்து உருவானது. பெயர் சிரிலுடையது, ஆனால் அவர் உருவாக்கிக்கொண்டு போனது இதல்ல, வேறு எழுத்து. அன்றைக்கு பல்கேரியாவின் ஸ்லாவ் மொழியும் கீவின் மொழியும் ரொம்ப நெருக்கம். ஆக, விளாதிமிர் கிரேக்கரிடமிருந்து மதத்தை எடுத்தபோது, அது நூறு வருஷமாக ஸ்லாவ் மொழியில் தயாராக இருந்தது. காது கொடுத்துக் கேட்டால் புரியும்.

இதில் நஷ்டமும் உண்டு. கிரேக்கம் கற்கும் கட்டாயம் இல்லாததால் மொழிபெயர்த்தது மட்டும்தான் கிடைத்தது. மொழிபெயர்த்தது சங்கீதங்கள் (பைபிளின் துதிப் பாடல்கள்), பிரசங்கங்கள், புனிதர் வரலாறுகள், சில உலக வரலாறுகள். ஹோமரும் பிளேட்டோவும் அந்தப் படகில் ஏறவில்லை. எதிர்பாராத சிலர் ஏறினார்கள். புத்தரின் கதை கிரேக்கம் வழியாக யோசபாத் என்ற கிறிஸ்தவப் புனிதர் கதையாகிப் போய்ச் சேர்ந்தது. ஆறாம் நூற்றாண்டு வியாபாரி காஸ்மஸ் எழுதிய நூலும் போனது. தப்ரபேன் என்று இலங்கையையும், ‘மலே’ என்று மிளகு விளையும் மலபாரையும் அதன் துறைமுகங்களையும் பேசும் நூல் அது. உலகம் தட்டையான பெட்டி மாதிரி இருக்கிறது என்று சாதித்த அந்த ஆளை பைசாந்தியப் படிப்பாளிகளே மதிக்கவில்லை. ருஸ்களோ பல நூற்றாண்டுகள் விரும்பிப் பிரதி எடுத்தார்கள்.

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளவும் இல்லை. கொள்ளைக்காரர்களுக்கு மரண தண்டனை கொடுங்கள் என்று பிஷப்புகள் சொன்னதும் விளாதிமிர் கொடுத்துப் பார்த்தார். பிறகு, “போர் நிறைய இருக்கிறது, அபராதம் வாங்கினால் ஆயுதமும் குதிரையும் வாங்கலாமே” என்று யோசனை வந்தது. பழைய அபராத முறைக்கே திரும்பிவிட்டார்கள். பேரன் காலத்துச் சட்டத் தொகுப்பிலும் கண்ணைப் பிடுங்கும், மூக்கை அறுக்கும் பைசாந்தியத் தண்டனைகள் கிடையாது, எல்லாம் காசுக் கணக்குதான். தலைமைப் பிஷப் பதவி விஷயம் வேறு. மங்கோலியர் வரும்வரை அந்தப் பதவிக்கு கான்ஸ்டாண்டினோபிள் கிரேக்கர்களையே அனுப்பிவைத்தது. ருஸ்காரர்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் 1051-இல் இலாரியோன், 1147-இல் கிளிம் என்ற இரண்டு பேர், இரண்டு பேரையும் உள்ளூர் அரசர்கள்தான் முன்நின்று நியமித்தார்கள்.

வீட்டுக்குள்ளும் கிரேக்கம் நுழைந்தது. ரஷ்ய மொழியில் கட்டில், விளக்குக்கூண்டு, நோட்டுப்புத்தகம், வெள்ளரிக்காய், பீட்ரூட் என்று ஐந்து பொருளுக்கும் இருக்கும் சொற்கள் கிரேக்கத்திலிருந்து வந்தவை. பீட்ரூட் இல்லாத போர்ஷ் சூப்பை நினைத்துப் பாருங்கள்.

கீவின் சோபியா தேவாலயத்துக்குள் போனால் இந்த இரண்டு மொழிக் கதையைக் கண்ணாலேயே பார்க்கலாம். விளாதிமிரின் மகன் யாரோஸ்லாவ் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுந்த கட்டிடம், 13 குவிமாடங்கள். கருவறைக்கு மேல் கைகளை உயர்த்தி நிற்கும் மாதாவின் மொசைக், சுமார் ஆறு மீட்டர் உயரம். அதைச் சுற்றி வளைவில் ஒரு சங்கீத வரி, கிரேக்கத்தில்: தேவன் அவள் நடுவில் இருக்கிறார், அவள் அசையமாட்டாள். வரவழைத்த கிரேக்கக் கலைஞர்கள் எழுதியது. கீழே ஆள் உயரத்தில், கைக்கு எட்டும் சுவரில், பூச்சில் ஆணியால் கீறிய கிறுக்கல்கள் நூற்றுக்கணக்கில். அவை பெரும்பாலும் ஸ்லாவ் மொழியில். ‘ஆண்டவரே, உம் அடியானுக்கு உதவும்’ என்பவை ஏராளம். ஒன்று, 1054 பிப்ரவரி 20 அன்று ‘நம் மன்னர்’ இறந்துபோனார் என்று குறித்துவைக்கிறது. யாரோஸ்லாவைத்தான்.

வடக்கே நோவ்கரோத்தில் சுவருக்குப் பதில் பூர்ச்ச மரப்பட்டை. 1951 ஜூலை 26-இல் முதல் பட்டை கிடைத்தது, இதுவரை 1,100-க்கும் மேல். சேற்று மண் காற்றுப் புகாமல் காப்பாற்றியிருக்கிறது. நம் பனையோலை போலத்தான், ஆனால் காவியத்துக்கு அல்ல. கடன் பாக்கி, மீன் கணக்கு, ‘என்மேல் என்ன கோபம், ஏன் வரவில்லை’ என்று ஒரு பெண் எழுதிய கடிதம். அவற்றில் பத்துப் பன்னிரண்டு, 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒன்ஃபிம் என்ற சிறுவன் எழுதியவை. ஆறேழு வயது இருக்கும். சிரிலிக் எழுத்துகளை வரிசையாக எழுதி, நம் பிள்ளைகள் க, கா, கி, கீ எழுதுவதுபோல பா, வா, கா, தா என்று தொடங்குகிறான். சங்கீதப் புத்தகத்திலிருந்து அரைகுறையாக ஒரு வரி. ஒரு பட்டையில் எழுத்து வரிசையைப் பாதியிலேயே விட்டுவிட்டு, குதிரைமேல் ஏறி எதிரியை ஈட்டியால் குத்தும் ஒரு வீரனை வரைந்து, பக்கத்தில் ‘ஒன்ஃபிம்’ என்று பெயர் போட்டிருக்கிறான். இன்னொன்றில் நாக்கை நீட்டிக்கொண்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு விலங்கு. மேலே கட்டம் கட்டி ‘ஒன்ஃபிமிடமிருந்து தனிலோவுக்கு வணக்கம்’. விலங்கின் பக்கத்தில் ‘நான் காட்டு மிருகம்’.